கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பசுந்தோட்டம்



முற்றமோ கொல்லையோ இல்லாத மாடிக் குடியிருப்புகளிலே நம்மிற் பலர் வாழ்கின்றோம். முற்றம் உள்ளவர்க்கும் ஆண்டிற் பல மாதங்கள் குளிரே துணை. ஆயினும், சிறு மேசையளவு இடம் இருந்தால், நீருக்குள்ளே ஒரு தோட்டம் செய்யலாம். பிள்ளைகளின் விருப்பத்திற்காக மீன்தொட்டி வாங்கிய வீடுகள் பல. அவற்றுட் சிலவற்றில் ஓரிரு கிழமைகளிலேயே மீன்கள் ஒவ்வொன்றாய் இறந்துபோக, பிள்ளைகள் மனம் வாடுகின்றனர். பிளாஸ்டிக் செடிகளுக்குப் பதிலாக உயிருள்ள நீர்த்தாவரங்களை வளர்த்தால் இத்துயரைப் பெரிதுங் குறைக்கலாம். அஃது எவ்வாறு என்பதை இங்கு நோக்குவோம்.

செடியும் மீனும்

ஒல்லாந்து நாட்டிற் பிறந்த மருத்துவரான யான் இங்கன்ஹவுஸ், நீரில் அமிழ்த்திய பச்சை இலைகள் வெயிலில் வாயுக் குமிழிகளை வெளிவிடுவதையும், இருளில் அவ்வாறு செய்யாமையையும் ஆராய்ந்து 1779இல் வெளியிட்டார். அவ்வாயுவே ஒட்சிசன். 1850இல் இலண்டன் இரசாயனவியலாளர் றொபேட் வாரிங்டன், வலிசினேரியாச் செடியும் பொன்மீன்களும் நத்தைகளும் ஒரே நீரிற் கூடி வாழ்ந்த சோதனையை விவரித்தார். செடி மீனுக்கு ஒட்சிசனை அளித்தது. மீன் வெளிவிட்ட காபனீரொட்சைட்டைச் செடி உணவாக்கப் பயன்படுத்தியது. அழுகிய இலைகளை நத்தைகள் உண்டன. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது.

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. இதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியிற் போதிய அளவு பெருகுவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 கிழமைகள் வரை செல்லும். அதற்குமுன் நிறைய மீன்களை விடுவதே பல இறப்புகளுக்குக் காரணம். செடிகள் அமோனியாவின் ஒரு பகுதியைத் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. எனினும், செடி உண்டென்று மீன்களை நெருக்கலாகாது. இரவிலே செடிகளும் ஒட்சிசனை உள்வாங்கியே சுவாசிக்கின்றன என்பதை மறவற்க.

தொடக்கத்திற்கு ஏற்ற மூன்று செடிகள்

1. சாவகப் பன்னம்: தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. மங்கிய ஒளியிலும் வளரும். முதிர்ந்த இலைகளின் மேலேயே குஞ்சுச் செடிகள் தோன்றுவதைக் காணலாம்.

2. அனுபியாசு: மேற்கு ஆபிரிக்க ஓடைகளுக்கு உரியது, தடித்த இலையுடையது. மிக மெதுவாக வளரும்.

3. கிரிப்ரோகோறைன் வென்ற்றியை: இலங்கைக்கே உரிய செடி. 1958இல் ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விற் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். நம் சேம்பும் கருணையும் சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமும், அனுபியாசும் அக்குடும்பத்ததே.

நடும் முறை

முதலிற் சட்டியையும், வேரைச் சுற்றிய பஞ்சினையும் அகற்றிச் செடியை மெல்லக் கழுவுக. கிரிப்ரோகோறைனைக் கழுவிய சிறு பரலில், ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழமுள்ள படையில் நடுக. வேர் மட்டும் புதைய வேண்டும். இலைகள் கிளைக்கும் குருத்து வெளியே நிற்க வேண்டும். மற்றைய இரண்டையும் பரலிற் புதைத்தல் தவறு. அவற்றின் வேர்த்தண்டு மூடப்பட்டால் அழுகிவிடும். பருத்தி நூலாற் கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டிவிட்டால், சில கிழமைகளில் வேர்கள் தாமே பற்றிக்கொள்ளும்.

நீரின் வெப்பம் 22 முதல் 26 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. நாளொன்றுக்கு 6 முதல் 8 மணித்தியாலம் விளக்கொளி போதும். யன்னலோரத்து நேர்வெயிலும் மிகையான ஒளியும் செடியைவிடப் பாசியையே வளர்க்கும். கிழமைக்கொருமுறை நீரிற் காற்பங்கை மாற்றுக. குழாய்நீரிற் குளோரீன் இருக்குமாதலின், அதனை நீக்கும் மருந்தினைக் கலந்தே ஊற்றுக. தொட்டிக்குட் கை வைக்குமுன் மின்னிணைப்புகளைப் பெரியவர்கள் துண்டித்தல் வேண்டும். பொன்மீன் செடிகளைக் கடித்தும் கிளறியும் பாழாக்கும். சிறிய கப்பி மீன்களே செடித்தொட்டிக்கு ஏற்றவை.

இலை கரைந்தால் அஞ்சற்க

இங்கேதான் பலர் மனந்தளர்கின்றனர். கிரிப்ரோகோறைனை நட்ட சில நாட்களில் அதன் இலைகள் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் நிலையடைந்து, கரைந்து போவதுண்டு. "செடி செத்துவிட்டது" என்று அதனைப் பிடுங்கி எறிந்துவிடுகின்றோம். உண்மையில் அது சாகவில்லை. விற்பனைக்கான செடிகள் பெரும்பாலும் இலைகள் காற்றில் நிற்குமாறு வளர்க்கப்படுகின்றன. நீர், ஒளி, வெப்பம் ஆகியன திடீரென மாறும்போது பழைய இலைகள் புதிய சூழலுக்கு உதவா. அவற்றை இழந்து, வேரிற் சேமித்த உணவைக்கொண்டு புதிய சூழலுக்குரிய இலைகளைச் செடி விடுகின்றது. நாம் செய்யவேண்டியன மூன்று: அழுகிய இலைகளை நறுக்கி அகற்றுதல்; நீரை ஒழுங்காக மாற்றுதல்; வேரை அசைக்காது விடுதல். மூன்று நான்கு கிழமைகளிற் புதுக்குருத்து தலைகாட்டும். நாள்தோறும் பிடுங்கி வேரைப் பார்ப்பவர் வீட்டில் அது வேரூன்றுவதேயில்லை.

ஓர் எச்சரிக்கை

நறுக்கிய துண்டுகளை ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ எறியலாகாது. 1939இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்னும் மிதக்கும் பன்னம், பின்னர் குளங்களிலும் வயல்களிலும் வாய்க்கால்களிலும் பரவிப் பெருங் களையாயிற்று. நாம் வாழும் நாட்டின் நீர்நிலைகளுக்கும் அத்தகைய தீங்கை நாம் செய்தல் தகாது. கழிவுச் செடிகளை நன்கு உலர்த்திக் குப்பையிற் சேர்க்க.

மாணவர்களுக்குச் சில பயிற்சிகள்

1. வலிசினேரியா போன்ற விரைந்து வளரும் நீர்ச்செடி ஒன்றின் வெட்டிய துண்டை நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் அமிழ்த்துக. விளக்கினை 10 சென்ரிமீற்றர் தூரத்திலும், பின்னர் 30 சென்ரிமீற்றர் தூரத்திலும் வைத்து, ஒரு நிமிடத்தில் எழும் குமிழிகளை எண்ணி அட்டவணைப்படுத்துக. வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

2. புதிய தொட்டியில் முதல் நாளிலேயே பத்து மீன்களை விட்டால் என்ன நிகழக்கூடும்? ஐந்து வசனங்களில் எழுதுக.

3. கிரிப்ரோகோறைன் இடம் மாறியபோது எதனை இழந்தது? எதனை இழக்காமையால் மீண்டும் தழைத்தது? வீட்டிற் பெற்றோருடனும், முடிந்தாற் பாட்டன் பாட்டியருடனும் கலந்துரையாடி, தமிழில் ஒரு பக்கம் எழுதி வருக.