செக்: ஒரு சொல்லும் பல வேலையும்

எங்கள் கடையில் நிற்கும் தம்பி ஒருவன் மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போகிறான். போன வாரம் அவன் என்னிடம், "நானா, 'செக்கைச் செக் பண்ணு' எண்டு சொல்றீங்களே, ரெண்டும் ஒரே சொல்லா?" என்று கேட்டான். ஓ.எல். வரை மட்டும் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு தேடிப் பார்த்து அறிந்ததை வியாபாரச் சகோதரர்களுக்காக இங்கு எழுதுகிறேன்.

வவுனியாவில் என் வயதுக்காரர்கள் இந்தச் சொல்லை வங்கியில் அல்ல, வீதியில்தான் அதிகம் கேட்டோம். ஏ9 வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்படும் வரை, வடக்கே போகும் லொறி ஓமந்தையில் படையினரின் செக் பொயின்டில் நின்றாக வேண்டும். அதைத் தாண்டினால் புளியங்குளத்தில் புலிகளின் சோதனை. மூட்டையை இறக்கி, காட்டி, திரும்ப ஏற்றினால்தான் பயணம். நிறுத்து, சோதித்துப் பார் என்ற இரு பொருளும் அங்கே நமக்குத் தெளிவாகவே விளங்கின!

சொல்லின் வேர் சதுரங்கப் பலகையில் இருக்கிறது. பாரசீக மொழியில் 'ஷாஹ்' என்றால் அரசன். எதிரியின் அரசனுக்கு ஆபத்து வந்தால் 'ஷாஹ்' என்று எச்சரிப்பார்கள். ஆட்டம் முஸ்லிம்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது சொல்லும் கூடவே போய் 'செக்' ஆனது. 'ஷாஹ் மாத்' என்பதுதான் 'செக்மேட்'. பலகையின் கட்டங்களைப் போன்ற கோடு போட்ட துணியும் செக்; நாம் விற்கும் செக் சாரத்துக்கும் பெயர் அப்படி வந்ததே. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் அரச வரவு செலவைக் கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் எண்ணினார்கள். அதனால்தான் அங்கே திறைசேரிக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர்.

வழக்கில் இன்னும் பல உண்டு. 'கீப் இன் செக்' என்றால் கட்டுக்குள் வைத்திருத்தல். செலவையும் சொல்லலாம், கோபத்தையும் சொல்லலாம். 'ஸ்பொட் செக்' என்றால் அறிவிக்காமல் வந்து பார்ப்பது. விலைப்பட்டியல் பார்க்க வரும் அதிகாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 'ரெயின் செக்' அமெரிக்கர்களுடையது. மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வர உதவும் சீட்டு அது. இப்போது விருந்துக்கு அழைத்தவரிடம் "இன்னொரு நாள் பார்ப்போம்" என்பதற்கும் அதையே சொல்கிறார்கள். 'பிளாங்க் செக்' கொடுத்தல் என்றால் ஒருவருக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுதல். வியாபாரத்தில் அதை மெய்யாகவே கொடுத்துவிட்டுத் தூக்கமின்றி இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி நமது காசோலை. அரபியில் எழுத்து மூலமான பத்திரத்துக்கு 'ஸக்' என்று பெயர்; இன்றைய 'சுகூக்' அதன் பன்மை. மதீனாவில் மர்வான் ஆளுநராக இருந்தபோது, தானியம் பெறுவதற்குக் கொடுத்த ஸக் சீட்டுகளை மக்கள் தானியம் கைக்கு வருமுன்னரே விற்றார்கள். ஸஹாபாக்கள் அதை ஆட்சேபித்த செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. ஸக்கிலிருந்துதான் செக் வந்தது என்று நம்மவர் பலர் சொல்வார்கள். ஆங்கில அகராதிகளோ சதுரங்கச் சொல்லையே காட்டுகின்றன. மோசடியைத் தடுக்க, பத்திரத்தைக் கொடுப்பவர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் அடிக்கட்டைக்குத்தான் முதலில் 'செக்' என்று பெயராம். பிறகு அந்தப் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு வந்துவிட்டது. அமெரிக்கர்கள் இன்றும் இரண்டையும் ஒரே எழுத்தில்தான் எழுதுகிறார்கள்.

இதை வாசித்தபோது 2011இல் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அனுராதபுரப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர் என்னிடம் 100 மூட்டை வாங்கி, 1 இலட்சத்து 70 ஆயிரம் ரூபாவுக்குத் திகதி தள்ளிச் செக் தந்தார். திகதி வந்தபோது, "கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்" என்றார். முகத்துக்காகப் பொறுத்தேன். இன்னொரு முறையும் கேட்டார், அதற்கும் பொறுத்தேன். ஆறு மாதம் தாண்டினால் செக் செல்லாது என்பது தெரிந்தும் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். பிழை என்னுடையது. ஏழாம் மாதம் அவர் மௌத்தாகிவிட்டார்.

பணமில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி குற்றம். ஆனால் மௌத்தானவர் மீது வழக்கா பேச முடியும்? சில வாரம் கழித்து அவருடைய வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் நல்லவர்கள். கடனைத் தீர்த்த பிறகே சொத்துப் பங்கு என்ற குர்ஆனின் கட்டளையும் அவர்களுக்குத் தெரியும். என்றாலும் மூத்தவர், "வாப்பா உங்களுக்குக் கையில காசாக் குடுத்துட்டு, செக்கைத் திருப்பி வாங்க மறந்திருக்கலாம்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் கையில் இருந்ததோ காலாவதியான ஒரு தாள். என் கணக்குக் கொப்பியும் நானே எழுதியதுதான். அவர்களுக்கு அது என்ன சாட்சி?

இளைய மகன் உள்ளே போய் வாப்பாவின் செக் புத்தகத்தை எடுத்து வந்தார். அடிக்கட்டையில் என் கடைப் பெயர், தொகை, '100 மூட்டை' என்று அவருடைய கையெழுத்து. அதன் கீழே பென்சிலால் இரண்டு திகதிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'தவணை கேட்டது' என்று குறித்திருந்தார். 'கொடுத்தது' என்று எங்கும் இல்லை. மூத்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

பணத்தை மூன்று தவணையாகத் தந்தார்கள். கடைசித் தவணையை வாங்கிய அன்று பழைய செக்கை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். மூத்தவர் அதைக் கிழிக்காமல், அதன் அடிக்கட்டையோடு சேர்த்து ஊசி குத்தி வைத்துக்கொண்டார்.