சப்பாத்தைக் கழற்றுமுன் விசிலைக் கையில் எடுங்கள்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் உதைபந்தாட்டக்காரருக்குப் பஞ்சமில்லை. ஊர்காவற்றுறை, நாரந்தனை, மெலிஞ்சிமுனை, மண்டைதீவு என்று எந்த ஊருக்குப் போனாலும் பின்னேரம் வெயில் தணியப் பந்து உருளத் தொடங்கிவிடும். பஞ்சம் பயிற்றுநருக்குத்தான். முப்பதை நெருங்கி முழங்கால் நோகத் தொடங்கியதும் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் தொழிலுக்கோ கடைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார். பதினைந்து வருடமாக மைதானத்தில் சேர்த்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. அந்த அறிவைத் தொழிலாக்க வழி உண்டு. ஆனால் அதை விளையாடி முடித்த பிறகு தேடினால் பிந்திவிடும்.

ஜேர்மனியில் ஹைடன்ஹைம் என்றொரு சிறிய நகரம். மக்கள்தொகை ஏறக்குறைய ஐம்பதாயிரம். அங்கேயே 1974இல் பிறந்த பிராங்க் ஷ்மிட், பெரிய நட்சத்திரமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆகன், மான்ஹைம் போன்ற கழகங்களில் பின்களத்தில் ஆடிவிட்டு, கடைசியில் சொந்த ஊர்க் கழகத்துக்குத் திரும்பினார். 2007 செப்ரெம்பரில் கழகம் பயிற்றுநரை நீக்கியபோது, இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளும்படி அவரைக் கேட்டார்கள். அப்போது அந்த அணி நான்காம் அடுக்கில் இருந்தது. 2009இல் மூன்றாம் லீக், 2014இல் இரண்டாம் புண்டஸ்லிகா, 2023இல் உச்ச அடுக்கான புண்டஸ்லிகா. கடைசிப் படியை ஏறியது றேகன்ஸ்பூர்க் மைதானத்தில், உபாதையீட்டு நேரத்தில் அடித்த இரண்டு கோல்களால். ஏற்கெனவே தாங்கள் ஏறிவிட்டதாக நினைத்து, அதே இடத்துக்குப் போட்டியிட்ட ஹம்பூர்க் அணியின் இரசிகர்கள் வேறோர் ஊரில் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். முதற் பருவத்திலேயே எட்டாம் இடம், அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டி. இவ்வளவும் ஒரே பயிற்றுநர், ஒரே கழகம்.

இந்தக் கதையில் தீவக இளைஞர் பிடித்துக்கொள்ள வேண்டியது ஏற்றத்தை அல்ல. ஒரே இடத்தில் நிலைத்து நின்றதைத்தான். எங்கள் கழகங்கள் ஒரு சுற்றுப்போட்டியில் தோற்றதும் பயிற்றுநரை மாற்றுகின்றன. ஆறு மாதத்தில் யாராலும் பிள்ளைகளை வளர்க்க முடியாது. ஆகவே பொறுப்பெடுக்கும்போதே நிர்வாகத்தோடு பேசுங்கள்: மூன்று வருடம் வேண்டும், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை என்னிடம் தாருங்கள், முதல் வருடம் கிண்ணம் கேட்க வேண்டாம். வாயால் பேசியதைக் கூட்டக் குறிப்பேட்டிலும் எழுதுவியுங்கள்.

இன்னொரு ஜேர்மனியர் ஸ்டெபன் பவும்கார்ட். புண்டஸ்லிகாவில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய முன்கள வீரர். 2009இல் மக்டபூர்க்கில் கிடைத்த முதலாவது பெரிய பயிற்றுநர் வேலை அடுத்த ஆண்டே போய்விட்டது. பிறகு அவர் போனது எங்கே? பேர்லினின் ஒரு மூலையில் உள்ள கோப்பனிக்-ஓபர்ஸ்பிறே என்ற உள்ளூர்க் கழகத்துக்கு. அங்கிருந்து பேர்லினர் ஏகே என்ற பிராந்திய லீக் அணிக்கு. 2017இல்தான் படர்போர்ன் அழைத்தது. அந்த அணி அந்தப் பருவத்தில் மூன்றாம் லீக்கிலிருந்தே கீழிறங்கும் இடத்தில் முடித்தது. 1860 மியூனிக் என்ற கழகத்துக்கு அந்த லீக்கில் ஆட அனுமதிப்பத்திரம் கிடைக்காததால் மட்டுமே தப்பியது. அடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு படி ஏறி 2019இல் புண்டஸ்லிகா. பெயர் பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் ஊர் மைதானத்துக்கு இறங்கி வந்து தொழில் பழகியதில் வெட்கமேதும் இல்லை. எங்கள் ஊர்களில் மாவட்ட அணிக்கு ஆடியவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பழக்குவதைக் குறைவாக நினைக்கிறார். அந்த நினைப்பைக் கைவிடுங்கள்.

கீழ் லீக்குகளில் பயிற்றுநர்கள் ஒழுங்காக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்கே ஒரு சாட்சி உண்டு. பேர்லினில் பிறந்து ஜேர்மனியின் கீழ் அடுக்குகளில் ஆடிய வசீம் ராசீக், 2021 யூன் 5இல் லெபனானுக்கு எதிராக இலங்கைக்கு இரண்டு கோல்கள் அடித்தார். ஆட்டம் 3-2 என்று கைநழுவினாலும், அந்தக் கால்களுக்குப் பின்னால் இருந்தது சின்ன வயதுப் பயிற்சி.

இனிச் செய்ய வேண்டியவை. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் படிகள் சி, பி, ஏ, அதற்கு மேல் புரோ. சி-க்குக் கீழே நாட்டுச் சம்மேளனம் நடத்தும் டி தரம் இருக்கிறது. 24, 25 வயதில், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே டி-யை முடியுங்கள். ஒரு படி முடித்த கையோடு அடுத்த படிக்குப் போக விடமாட்டார்கள். இடையில் ஓர் அணியைப் பழக்கிய அனுபவம் கேட்பார்கள். முப்பத்தைந்தில் தொடங்குபவர் ஏ தரத்தைத் தொடும்போது வயது நாற்பதைத் தாண்டிவிடும். பாடநெறி அறிவிப்புகள் லீக் வழியாகத்தான் வரும். ஆகவே உங்கள் கழகம் பதிவு புதுப்பித்திருக்கிறதா, லீக்கில் அங்கத்துவம் உண்டா என்று முதலில் பாருங்கள். ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு ஆகிய பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தரைக் கேட்டால் பதிவு விபரம் தெரியும். நயினாதீவுக்காரர் வேலணைக்குத்தான் போக வேண்டும். வகுப்பு எந்த மொழியில் நடக்கும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். தமிழில் இல்லையென்றால் ஆங்கிலக் கலைச்சொற்களையாவது படித்துக்கொண்டு போங்கள்.

வாய்ப்பு வரும்போது தள்ளிப்போடாதீர்கள். 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை பீபா, ஆசியக் கூட்டமைப்பு ஆகியவற்றின் அபிவிருத்தித் திட்டமோ பாடநெறியோ எதுவும் இந்த நாட்டவருக்கு இல்லை. அதற்கு முதல் வருடமே போயிருக்கலாம் என்று நினைத்தவர்களின் ஒரு பருவம் அப்படியே போயிற்று. பீபாவின் பயிற்சி மையத் தளத்தில் பாடங்கள் இலவசம். பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிய 'பீபா கார்டியன்ஸ்' பாடமும் இலவசம். பிள்ளைகளோடு வேலை செய்யும் எவருக்கும் அது கட்டாயம் என்பது என் எண்ணம். பெற்றோர் தங்கள் பிள்ளையை நம்பி அனுப்புகிறார்கள்.

காசு விடயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஊர்க் கழகத்தில் சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். போக்குவரத்துச் செலவு கிடைத்தால் நல்லது. பாடசாலையில் பழைய மாணவர் சங்கம் மாதாந்தம் ஏதாவது கொடுக்கலாம். ஆகவே வயிற்றுக்கு ஒரு வேலை, மனதுக்கு ஒரு வேலை என்று தொடங்குவதுதான் சரி. சென்னையின் சையத் சபீர் பாஷா இந்திய அணிக்கு ஆடியவர். இந்தியன் வங்கி அணியில் ஆடி, அதே அணிக்குப் பயிற்றுநராகி, பிறகு சென்னையின் எஃப்சியில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்து, 2022 பெப்ரவரியில் அதன் இடைக்காலத் தலைமைப் பயிற்றுநரானார். வங்கி அணி என்ற நிலையான இடம் இருந்ததால்தான் அவரால் அவ்வளவு காலம் பொறுக்க முடிந்தது. எங்களுக்கு அதற்கு ஈடான வழி உடற்கல்வி ஆசிரியத் தொழில். உயர்தரம் முடித்தவர்கள் தேசிய கல்வியியற் கல்லூரியின் உடற்கல்விப் பாடநெறிக்கு விண்ணப்பிக்கலாம். மாதச் சம்பளம், மைதானம், பிள்ளைகள் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் வேலை அதுதான். கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் பாடநெறிகளையும் விசாரியுங்கள்.

வேலையின் உள்ளடக்கத்துக்கு வருவோம். பதினெட்டுப் பிள்ளைகள், மூன்று பந்து, ஒரு மணித்தியாலம். வழக்கமாக என்ன நடக்கிறது? பிள்ளைகளை வரிசையில் விட்டு, ஒவ்வொருவராகக் கோலுக்கு அடிக்கச் சொல்கிறார்கள். ஒரு பிள்ளைக்குப் பத்துத் தடவை பந்து கிடைக்கும், மிச்ச நேரமெல்லாம் வெயிலில் நிற்பான். அதை விட்டுவிட்டு, 25 மீற்றர் நீளம் 15 மீற்றர் அகலத்தில் மூன்று சிறு ஆடுகளம் கீறுங்கள். கோல் கம்பத்துக்கு இரண்டு செருப்புப் போதும். மூன்றுக்கு மூன்று ஆட விடுங்கள். நாலு நிமிடத்துக்கு ஒருக்கால் வென்றவர்களை ஒரு பக்கமும் தோற்றவர்களை மறுபக்கமும் நகர்த்துங்கள். எல்லாரும் ஓடுவார்கள், எல்லாரும் பந்தைத் தொடுவார்கள். நீங்கள் கத்த வேண்டியதில்லை. பிழைவிட்ட பிள்ளையை அருகில் கூப்பிட்டு, "தம்பி, பந்து வர முதல் ஆரைப் பாத்தனீ?" என்று கேளுங்கள். பதில் வராது. அடுத்த தடவை தலையைத் தூக்கிப் பார்ப்பான். பயிற்சி முடிந்ததும் கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்தோம், எது சரிவரவில்லை, எந்தப் பிள்ளை வரவில்லை. சி தரத்துக்கான நேர்முகத்தில் பேச அந்தக் கொப்பிதான் உதவும்.

சோழகம் பெயரும் மாதங்களில் தீவு மைதானங்களில் உயர்ந்த பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் தரையோடு ஆடப் பழக்குங்கள், காற்றுக்கு எதிராகவும் ஒரு பாதி ஆட வையுங்கள். பிள்ளைகள் பெரிய ஊருக்குப் போகும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். நெடுந்தீவில் பழக்குபவருக்கு இன்னொரு கவலை படகு. குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலப் பயணம், கடல் கொந்தளித்தால் படகே இல்லை. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யாழ்ப்பாணம் போக நினைக்காமல், மேற்கு, மத்தி, கிழக்கு என்று தீவுக்குள்ளேயே சிறு லீக் வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே போகும்போது இரவு தங்க ஒரு பாடசாலையையோ பங்குமனையையோ முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்.

லீக் என்றேன், விலகல் முறை என்று சொல்லவில்லை. அணிக்கு ஏழு பேர், ஒன்பது பேர் என்று மின்னொளியில் நடக்கும் ஞாபகார்த்தக் கிண்ணங்கள் ஊருக்குத் திருவிழாதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆட்டத்திலேயே சமநிலை தவிர்ப்பு உதையில் தோற்ற பிள்ளைகளுக்கு அன்றோடு பருவம் முடிந்தது. நாலு ஊர் சேர்ந்து ஒருவரோடொருவர் ஆடினால் மொத்தம் ஆறு ஆட்டம், ஒவ்வோர் ஊருக்கும் மூன்று. செலவும் குறைவு.

பெண்களுக்கு ஒரு சொல். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்று காட்டியிருக்கிறார்கள். தீவகப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளைப் பழக்கப் பெண் பயிற்றுநர் தேவை, ஆளில்லை. போட்டி குறைந்த, தேவை மிகுந்த இடம் இது. ஆடிய பெண்கள் தயங்காமல் டி தரத்துக்கு விண்ணப்பியுங்கள்.

கடைசியாக, ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கு. நீங்கள் அனுப்பும் கிண்ணங்களும் மேலங்கிகளும் அன்போடு வருகின்றன. இந்த வருடம் ஒரு கிண்ணத்தைக் குறைத்து, அந்தக் காசில் ஊரிலிருந்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் டி பாடநெறிக்கு அனுப்புங்கள். கட்டணம், படகு, பேருந்து, தங்குமிடம் எல்லாவற்றையும் பொறுப்பெடுங்கள். பதிலுக்கு மூன்று வருடம் ஊர்ப் பிள்ளைகளைப் பழக்குவோம் என்று அவர்களிடம் எழுதி வாங்குங்கள்.