பிரவுசரின் கடிவாளம் யார் கையில்?

கடையத்தில் என் பக்கத்து வீட்டு அத்தை, பேங்க் கணக்குப் பக்கத்தைக் காட்டி, “இதுல என்ன போட்டிருக்கு தம்பி?” என்பார். மொழிபெயர்க்கும் ஏ.ஐ. கருவியைத் தட்டலாம்தான். ஆனால் பல கருவிகளில் அந்தப் பக்கம் கம்பெனியின் சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது. அத்தையின் கணக்கு விவரமும் கூடவே போகும்!

2023 செப்டம்பரில் வந்த பயர்பாக்ஸ் 118 வேறு வழி காட்டியது. மொழி மாடலை இறக்கிக்கொண்டால், மொழிபெயர்ப்பு நம்ம கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறது. ஓப்பன் சோர்ஸ் என்பதால், எது வெளியே போகிறது என்று நிரலைப் படித்தே சோதிக்கலாம்.

வெளிவந்தபோது அதில் இருந்தவை ஐரோப்பிய மொழிகளே, தமிழ் இல்லை. இப்படிப்பட்ட கருவியில் தமிழைச் சேர்க்கவும் செம்மைப்படுத்தவும் கதவு திறந்தே இருக்கிறது. புரோகிராம் படித்த நாமே கைவைக்கலாமே!