ஐப்பசி பிறக்கும் முன் வீட்டுப் பேட்டரிகளைப் பார்த்துவிடுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. பெரும் புயல்கள் அதற்குப் பிறகு, நவம்பரிலும் டிசம்பரிலும் வருகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. டெல்டாவின் உட்கிராமங்கள் சிலவற்றுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. புயல் எச்சரிக்கை வந்தபின் கடைக்கு ஓடினால், மற்றவர்கள் விட்டுப்போனதுதான் கிடைக்கும். புரட்டாசி முடிவதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் வேலைக்குப் பணம் செலவில்லை. டார்ச், ரேடியோ, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ரிமோட், சுவர்க் கடிகாரம், பரணில் கிடக்கும் பொம்மை வரை எல்லாவற்றையும் எடுத்து மூடியைத் திறந்து பாருங்கள். பேட்டரிக் கட்டை கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு எடுத்துவிடுங்கள். ஆல்கலைன் கட்டை கசிந்த இடத்தை வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைக்கலாம். சாதாரண கார்பன் கட்டை என்றால் சமையல் சோடா கரைத்த நீர். பிறகு நன்றாகக் காயவிட்டுத்தான் புதுக் கட்டை போடவேண்டும். எப்போதோ ஒருமுறை எடுக்கும் டார்ச்சில் கட்டையைப் போட்டே வைப்பதுதான் கசிவுக்கு முதல் காரணம். அதை டார்ச்சுக்குப் பக்கத்திலேயே, சிறு டப்பாவில் தனியாக வையுங்கள்.

அடுத்தது எமர்ஜென்சி லைட்டும் கொசு பேட்டும். விலை குறைந்த பலவற்றில் உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. காலியான நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பத்து நிமிடத்தில் வெளிச்சம் மங்கும். இன்றே சார்ஜ் போட்டு, இரவு விளக்கை எரியவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம்கூட நிற்காவிட்டால் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். எலக்ட்ரிக் கடைகளில் அந்தப் பேட்டரி தனியாகவே கிடைக்கும். விளக்கையே தூக்கிப் போடவேண்டியதில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் நீர்மட்டத்தையும் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

ரீசார்ஜபிள் எதற்கு, சாதாரணக் கட்டை எதற்கு? சுவர்க் கடிகாரமும் டிவி ரிமோட்டும் மிகக் குறைவாகவே மின்சாரம் இழுக்கும். அவற்றுக்கு வழக்கமான கட்டையே போதும். டார்ச், ரேடியோ, குழந்தைகளின் மோட்டார் பொம்மை, கேமரா ஃபிளாஷ் போல அடிக்கடி கட்டை தின்னும் பொருள்களுக்குத்தான் ரீசார்ஜபிள் காசை மிச்சப்படுத்தும். ரத்த அழுத்தக் கருவிக்கு மட்டும் அதன் கையேட்டைப் பாருங்கள். சில மாதிரிகள் ரீசார்ஜபிள் வேண்டாம் என்கின்றன. அப்படியானால் நல்ல ஆல்கலைன் நாலு வாங்கி வையுங்கள். வீட்டில் ரத்தக் கொதிப்புக்காரர் இருக்கிறார் என்றால் மழை நாளில் அந்தக் கருவி ஓடியாக வேண்டும்.

ரீசார்ஜபிளில் இப்போது வாங்கவேண்டியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. அதிலும், வைத்திருந்தாலே வடிந்துபோகாத ரகத்தையே கேளுங்கள். பழைய ரகம் சும்மா இருக்கும்போதே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சார்ஜை இழக்கும். நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக இழக்கும். ஆகஸ்டில் சார்ஜ் செய்து வைத்த கட்டை நவம்பர் புயலில் கைவிட்டதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் மெதுவாக வடியும் ரகத்தைக் கொண்டுவந்தது. இப்போது அது பானாசோனிக் பெயரில் வருகிறது. வேறு பல நிறுவனங்களும் இந்த ரகத்தைச் செய்கின்றன. ஒரு வருடம் அலமாரியில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். அட்டையில் ‘ப்ரீ-சார்ஜ்டு’ அல்லது ‘ரெடி டு யூஸ்’ என்று போட்டிருப்பது இதற்கு அடையாளம்.

கட்டையில் 1.2 வோல்ட் என்று இருப்பதைப் பார்த்து, 1.5 வோல்ட் இடத்தில் இது போதாது என்று கடைக்காரரே சொல்லக்கூடும். ஆல்கலைன் கட்டை 1.5-இல் தொடங்கினாலும் பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே வரும். பாதி ஆயுளில் அதுவும் ஏறக்குறைய 1.2-தான். நிக்கல் கட்டையோ கிட்டத்தட்ட கடைசிவரை 1.2-ஐ ஒட்டியே நிற்கும். டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் தாராளமாகப் போதும்.

அட்டையில் அச்சடித்த கொள்ளளவு எண்ணை (எம்.ஏ.எச்.) மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பென்சில் கட்டை எனப்படும் ஏஏ அளவில் நிக்கல் வகை 2,000 முதல் 2,700 எம்.ஏ.எச். வரை உண்மையாகவே கிடைக்கும். 4,000 என்று போட்டிருந்தால் அது பொய். அதைவிடச் சிறிய ஏஏஏ அளவில் 750 முதல் 1,100 வரைதான். டார்ச்சில் வரும் 18650 லித்தியம் கட்டையில் 9,900 என்று அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல நிறுவனங்களின் அதே அளவுக் கட்டை 3,500-ஐச் சுற்றித்தான் தருகிறது. பெரிய டி அளவு ரீசார்ஜபிள் வாங்கினால் கையில் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் உள்ளே ஒரு பென்சில் கட்டையை வைத்து மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என் தேர்வு 2,000 அளவுள்ள ஏஏதான். 2,500-க்கு மேல் போகும் ரகங்கள் ஒருமுறைக்குக் கூடுதல் நேரம் ஓடினாலும், மொத்தத்தில் குறைந்த தடவையே சார்ஜ் தாங்கும்.

நல்ல கட்டையை வாங்கிவிட்டு மலிவான சார்ஜரில் போட்டுக் கெடுப்பவர்கள்தான் அதிகம். கட்டையைவிட சார்ஜரைத் தேர்ந்தெடுக்கத்தான் கூடுதல் கவனம் வேண்டும். மலிவான சார்ஜர்கள் இரண்டிரண்டு கட்டையைச் சேர்த்தே ஏற்றும். ஒன்று முன்பே நிரம்பினாலும், மற்றொன்றுக்காக அதற்கும் தொடர்ந்து மின்சாரம் போய், அது சூடாகி ஆயுள் குறையும். மூன்று ஏஏஏ போடும் டார்ச் பல வீடுகளில் இருக்கிறது. ஜோடி சார்ஜரில் அந்த மூன்றாவதை என்ன செய்வது? கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுல ஒரே ஒரு கட்டையைப் போட்டு சார்ஜ் பண்ண முடியுமா?” முடியும் என்றால் ஒவ்வொரு குழிக்கும் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. முடியாது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு வகை, மணிக்கணக்கு வைத்து நிறுத்தும் சார்ஜர். கரண்ட் போய்ப் போய் வரும் மழைக்காலத்துக்கு இது ஆகவே ஆகாது. ஒவ்வொரு முறை கரண்ட் திரும்பும்போதும் பெரும்பாலான சார்ஜர்கள் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். நிரம்பிய கட்டைக்கு மேலும் பல மணி நேரம் ஏறும். நிக்கல் கட்டை நிரம்பியதும் அதன் வோல்ட் இலேசாக இறங்கும். அதைக் கண்டுபிடித்துத் தானே நிறுத்தும் சார்ஜரையே வாங்குங்கள். 2,000 எம்.ஏ.எச். கட்டைக்கு 500 முதல் 1,000 மில்லி ஆம்பியர் சரியான வேகம். இரண்டரை முதல் ஐந்து மணி நேரத்தில் முடியும். கால் மணி நேரத்தில் நிரப்பித் தருவதாகச் சொல்வது கட்டையை வேகவைத்துவிடும். முடியும் தறுவாயில் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு இயல்பல்ல, உடனே எடுத்துவிடுங்கள்.

யுஎஸ்பியில் ஓடும் சார்ஜர் கிடைத்தால் அதையே எடுங்கள். கரண்ட் இல்லாதபோது பவர் பேங்கிலிருந்தே டார்ச் கட்டையை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் பவர் பேங்கின் எண்ணிலும் சூட்சுமம் உண்டு. 10,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் கட்டையின் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக வரும்போது 6,000 சொச்சம்தான் தேறும். கைப்பேசியின் எண்ணும் 5 வோல்ட் கணக்கல்ல, லித்தியம் கட்டையின் கணக்கே என்பதால், 5,000 எம்.ஏ.எச். கைப்பேசியை ஏறக்குறைய ஒன்றரை முறை நிரப்பும் என்று கணக்கு வையுங்கள். பவர் பேங்க், கட்டை, சார்ஜர் எதை வாங்கினாலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையோடு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். உப்பிய பவர் பேங்கை இனித் தொடவேண்டாம். படுக்கை மேல் வைத்து எதையும் சார்ஜ் செய்யவேண்டாம்.

யுஎஸ்பி-சி துளையோடு 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் கட்டைகளும் வந்துவிட்டன. வசதிதான். ஆனால் உள்ளிருக்கும் மின்சுற்று மீடியம் வேவ் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பக்கூடும். புயல் இரவில் கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தபின் செய்தி சொல்வது வானொலிதான். அதற்கு நிக்கல் கட்டையே போடுங்கள். இதே உருவத்தில் 14500 என்று 3.7 வோல்ட் லித்தியமும் கிடைக்கிறது. தவறிச் சாதாரணக் கருவியில் போட்டால் கருவி எரிந்துவிடும். நிக்கல் சார்ஜரில் லித்தியத்தையும், எந்தச் சார்ஜரிலும் ரீசார்ஜபிள் அல்லாத கட்டையையும் ஏற்றவே கூடாது.

சர்க்கரை பார்க்கும் கருவி பலவற்றில் இருப்பது சிஆர்2032 பொத்தான் கட்டை. அது ரீசார்ஜபிள் அல்ல. உபரியாக ஒன்று வாங்கி, அட்டையைப் பிரிக்காமல், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதோ என்று சந்தேகம் வந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வாங்கிவந்த கட்டைகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, மார்க்கரால் எண்ணும் மாதமும் எழுதுங்கள். ஒன்றாக வாங்கியவை ஒன்றாகவே ஓடி ஒன்றாகவே சார்ஜ் ஆகவேண்டும். முழுக்கத் தீர்ந்த பின்தான் ஏற்றவேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம், இவற்றுக்குத் தேவையில்லை. டார்ச் மங்கியதுமே எடுத்து ஏற்றுங்கள். செத்த கட்டைகளைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கச் சொல்கின்றன 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். லித்தியம் கட்டையின் முனைகளில் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் சேர்த்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

புயல் சின்னம் உருவானதாக அறிவிப்பு வந்த அன்றே பவர் பேங்கையும் எமர்ஜென்சி லைட்டையும் முதலில் சார்ஜ் போடுங்கள், கட்டைகள் அடுத்து, கைப்பேசி கடைசியில். மழை ஓய்ந்தபின், தை மாதம் ஒருமுறை எமர்ஜென்சி லைட்டுக்குச் சார்ஜ் போட்டு வையுங்கள். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.