தொப்பைக்கு மெடிகேர் தருமா?

இரண்டாவது குழந்தைக்கு இரண்டு வயது. எனக்கு வயிறு இன்னும் உள்ளே போகவில்லை. பிள்ளையைத் தூக்கினால் இடுப்பு விண்ணென்று வலிக்கிறது. வயிற்றைச் சீராக்கும் அறுவைக்கு மெடிகேர் பணம் தருமா? அழகுக்காக அரசிடம் கேட்கிறாள் என்று நினைப்பார்களோ?
– ஒரு வாசகி, சிட்னி

தரும். அழகுக்கு அல்ல, வலிக்கு. குடலிறக்க அறுவைக்குப் போகிற ஆண்களை யாரும் 'அழகுக்கா?' என்று கேட்பதில்லை, நீங்களும் கூசாதீர்கள். 2016-இல் மெடிகேர் பட்டியலிலிருந்து தூக்கிய இந்த அறுவையை 2022 ஜூலையில்தான் திரும்பச் சேர்த்தார்கள். இடையில் பெற்றவர்கள் பாவம்.

முதலில் வீட்டிலேயே பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலே விரல்கள் பள்ளத்தில் இறங்குகின்றனவா? அப்படியானால் வயிற்றுத் தசை பிரிந்திருக்கலாம். மெடிகேர் பணம் தர, ஸ்கேனில் அந்த இடைவெளி 3 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பிசியோதெரபி செய்தும் வலி தீராதிருக்க வேண்டும். கடைசி 12 மாதங்களில் கர்ப்பம் கூடாது. வாழ்நாளில் ஒரே முறைதான் தருவார்கள். மூன்றாவது குழந்தை ஆசை இருந்தால் பொறுங்கள்.

டாக்டரிடம் 'தொப்பை' என்று ஆரம்பிக்காமல், பிள்ளையைத் தூக்க முடியவில்லை என்று ஆரம்பியுங்கள். மெடிகேர் தருவது ஒரு பங்குதான். சர்ஜனின் பில் பெரிது. முதல் சந்திப்பிலேயே மொத்தச் செலவை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.