உணவுக்கூட மேசை

1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், 150 பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலைகளில் தொழிலாளர் தாம் கொண்டுவரும் உணவை உண்ண ஓர் உணவுக்கூடம் வேண்டும் என விதித்தது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து உழைக்காதவாறு, அரைமணி நேர ஓய்வையும் வகுத்தது. அச்சிறு பொழுதில் மேசை ஆடினால் உண்பவர் அமைதி கெடும்.

மேசை பெரும்பாலும் விளிம்பிலும் கால் இணைப்பிலும்தான் முதலில் பழுதடையும். ஒட்டுப்பலகையின் ஓரத்தில் நீர் புகுந்தால் அது உப்பிவிடும். துருப்பிடிக்காத எஃகோ நீரை உறிஞ்சாது, துடைப்பதும் எளிது. திருகாணிகள் நாளடைவில் தளரக்கூடும். நன்கு பற்றவைத்த இணைப்பு உறுதியாக நிற்கும். ஆகவே, வாங்குவோர் மேற்பரப்பின் பளபளப்பில் மயங்காது, குனிந்து அடிப்பகுதியையும் பார்த்தல் வேண்டும்.

அருஞ்சொல்: விளிம்பு – ஓரம்.

செயல்பாடு: உங்கள் பள்ளி மேசை ஒன்றின் விளிம்பையும் கால்களையும் உற்றுநோக்கி, இரண்டு தொடர்கள் எழுதுக.