செல்லாது என்று யார் சொன்னது?

தாராவி 90 அடி சாலையிலிருந்து மாட்டுங்காவில் இருக்கும் வேதித் தொழில்நுட்பக் கழகமான ஐ.சி.டி. வாசலுக்கு நடந்தே போய்விடலாம். மித்தி ஆற்றைத் தாண்டினால் கலினா, மும்பைப் பல்கலைக்கழக வளாகம். குர்லாவில் ஹார்பர் லைன் வண்டி பிடித்தால் செம்பூர், கோவண்டி, அடுத்து மான்குர்ட். அங்கே ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். பக்கத்திலேயே அணுசக்தி நகர். நம் தமிழ்ச் சனம் நாலு தலைமுறையாக இந்த வட்டத்துக்குள்தான் பிழைக்கிறது. ஆனாலும் மே மாதம் பன்னிரண்டாவது ரிசல்ட் வந்ததும் தெருவில் கேட்பது அதே பழைய பேச்சு. சயின்ஸ் எடுத்த பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து பெரியவர்கள் சொல்லும் அந்தப் பேச்சில் முழுப் பொய் குறைவு. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் அது இத்தனை வருஷமாகச் சாகாமல் கிடக்கிறது. அந்தப் பாதியையும் மீதியையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பத்தி.

நம்பிக்கை: “நம்ம சாதிச் சான்று மகாராஷ்டிராவில செல்லாதுல்லா. அதனால நமக்கு எந்தச் சலுகையும் கிடையாது.”

உண்மை: மாநில அரசின் இடஒதுக்கீட்டைப் பொறுத்தவரை முதல் வாக்கியம் சரி. இரண்டாவது வாக்கியம் தவறு. அந்தத் தவறுதான் நம் பிள்ளைகளை அதிகம் கெடுத்திருக்கிறது.

பட்டியல் சாதிகளின் அட்டவணை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை அப்படித்தான் வகுத்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆதிதிராவிடர் குடும்பம் தமிழ்நாட்டுப் பட்டியலைச் சேர்ந்தது. மும்பைக்கு ரயிலேறியதால் மகாராஷ்டிரப் பட்டியலுக்கு மாறிவிடாது. இதைக் கடைசியாகத் தீர்த்துவைத்த வழக்கே மும்பை வழக்குதான். ஆந்திராவில் பழங்குடி என்று அங்கீகரிக்கப்பட்ட ஒரு குடும்பத்துப் பையன். தந்தையின் வேலை காரணமாக ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்தவன். பரேலில் உள்ள சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடி இடம் கேட்டான், கிடைக்கவில்லை. 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஒரு மாநிலத்துப் பட்டியல் உரிமை இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று தீர்ப்பளித்தது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அதற்குப் பெயர். 1994-இல் மகாராஷ்டிரத்தில் குடியேறியவர்களுக்காகவே ஒரு குழு வழக்காடியது, பதில் மாறவில்லை. 2018-இலும் மாறவில்லை. மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீடு வேண்டுமென்றால், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும். அந்தச் சாதி இம்மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, தோல் கிடங்கிலும் குப்பைக் கிடங்கிலும் இந்த நகரத்துக்காக உழைத்தவர்களுக்கு இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சட்டம் இன்று அதுதான்.

இதைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். மீதியைக் கேட்பதில்லை. மத்திய அரசின் கல்வி நிலையங்களுக்கும் மத்திய அரசு உதவித்தொகைகளுக்கும் இந்தத் தடை கிடையாது. பவாயில் இருக்கும் ஐஐடி மத்திய அரசுடையது. புனேயில் இருக்கும் அறிவியல் கல்வி நிலையமான ஐசர் மத்திய அரசுடையது. அங்கெல்லாம் தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள சாதி செல்லும். பிள்ளை சயான் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தாலும் செல்லும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தமிழ்நாட்டில் கொடுத்த சாதிச் சான்றைக் காட்டினால், அதை அடிப்படையாகக் கொண்டு, குடியிருக்கும் மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்குச் சான்று தரலாம் என்று 1980-களிலேயே மத்திய உள்துறை வழிகாட்டியிருக்கிறது. மத்திய அரசின் சான்றிதழ்ப் படிவத்திலேயே இப்படி இடம்பெயர்ந்தவர்களுக்கென்று தனிப் பத்தி இருக்கிறது. அந்தப் பத்தி நிரப்பப்படாத சான்றைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள்தான் “செல்லாது” என்ற சொல்லைத் தெருவெங்கும் பரப்பினார்கள்.

கையில் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஐஐடியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது முழுவதும் தள்ளுபடி. இது 2016 முதல் இருக்கும் ஏற்பாடு. முனைவர் பட்டத்துக்குப் போனால் பட்டியல் சாதி மாணவர்களுக்கென்றே தேசிய ஃபெலோஷிப் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே பட்டியல் சாதி நிலை உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த வழியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அவர்களுக்கு வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவிகள் உண்டு. எந்தச் சாதியாக இருந்தாலும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் என்றால் ஐஐடிக் கட்டணம் முழுத் தள்ளுபடி. 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

மாநிலக் கல்லூரியிலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. அங்கே நம் பிள்ளை ‘ஓப்பன்’ என்று எண்ணப்படுவதால், ஓப்பன் பிரிவு ஏழைகளுக்கான ராஜர்ஷி ஷாகு மகாராஜ் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மகாராஷ்டிர டொமிசைல் வேண்டும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பாதிக் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும்.

நம்பிக்கை: “மாநகராட்சிப் பள்ளியில, அதுவும் தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைக்கு சயின்ஸ் ஏறாது.”

உண்மை: இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அதுவும் இதே ஊரில், மேலே சொன்ன மான்குர்ட் மையத்தின் ஆட்கள். 1974-இல் டாடா ஆராய்ச்சி நிலையத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்.) கிளையாகத் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், வி.ஜி. குல்கர்னியின் தலைமையில், 1980-களில் பம்பாய் மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த பட்டியல் சாதிப் பிள்ளைகளோடு வேலை செய்தது. பிள்ளைகள் சறுக்கிய இடம் எது என்று தேடியபோது பாடப்புத்தகத்தின் மொழி முன்னால் வந்து நின்றது. வீட்டில் யாரும் பேசாத, கனத்த, ஏட்டு மொழி. அந்த மொழியை எளிமையாக்கி, கேள்வி கேட்கவும் தானாகப் படிக்கவும் பழக்கியபோது அதே பிள்ளைகள் மேலே வந்தார்கள். குறை பிள்ளையின் மூளையில் இல்லை, புத்தகத்தின் நடையில் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்பே கண்டு சொன்ன விஷயம் இது. இன்னும் நம் வீட்டுக்குள் வந்து சேரவில்லை.

விஞ்ஞானி ரகுநாத் மஷேல்கரைப் பலருக்கும் தெரிந்திருக்கும். கோவாவின் மாஷேலில் பிறந்து, சின்ன வயதிலேயே தந்தையை இழந்து, தாயோடு பம்பாய்க்கு வந்தவர். படித்தது மாநகராட்சிப் பள்ளி. தெருவிளக்கில் படித்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் சேர 21 ரூபாய் வேண்டியிருந்தது. அம்மாவால் அதைப் புரட்ட முடியவில்லை. கடைசியில் அதைக் கொடுத்தது, வீட்டு வேலை செய்து பிழைத்த இன்னொரு பெண். 1960 எஸ்.எஸ்.சி. தேர்வில் மாநிலத்தில் பதினோராவது இடம் வாங்கிய பிறகும் படிப்பை விட்டுவிடும் நிலைமை. சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளை மாதம் 60 ரூபாய் கொடுத்தது, படிப்பு தொடர்ந்தது. மாட்டுங்காவில் அப்போது யு.டி.சி.டி. என்று பெயர் கொண்டிருந்த இன்றைய ஐ.சி.டி.யில் 1966-இல் பட்டம், 1969-இல் முனைவர் பட்டம். பின்னாளில் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடங்கள் அத்தனைக்கும் தலைவர். லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ. ஒருவர் கதையை வைத்து எல்லோருக்கும் கணக்குப் போட முடியாது. ஆனால் அந்தக் கதையில் 21 ரூபாயும் 60 ரூபாயும் சரியான நாளில் வந்து சேர்ந்ததை மறக்காதீர்கள்.

நம்பிக்கை: “பி.எஸ்சி. சோறு போடாது. ஆராய்ச்சின்னு போனா முப்பது வயசு வரைக்கும் அப்பன் காசுதான்.”

உண்மை: பி.எஸ்சி.யோடு நின்றால் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் முனைவர் பட்டம் படிப்பவர்களுக்கு இந்த நாட்டில் சம்பளம்போலப் பணம் வருகிறது என்பது நம் வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. எம்.டெக். போகிறவருக்கு கேட் மதிப்பெண் இருந்தால் மாதம் 12,400.

பன்னிரண்டாவது முடித்ததுமே பணம் வரும் வழியும் உண்டு. கலினா வளாகத்துக்குள் 2007-இல் அணுசக்தித் துறையும் மும்பைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அடிப்படை அறிவியலுக்கென்று ஒரு மையம் தொடங்கின. ஐந்து வருஷ எம்.எஸ்சி. படிப்பு. நுழைய நெஸ்ட் என்ற தேர்வு எழுத வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் குறைவு. சேர்ந்த மாணவர்களுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகையும், கோடைக்கால ஆய்வுக்குத் தனித் தொகையும் கொடுத்து வந்திருக்கிறார்கள். தாராவியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் இடம். நீட், ஜே.இ.இ. தெரிந்த நம் பிள்ளைகளுக்கு நெஸ்ட் என்ற பெயரே காதில் விழுவதில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகையும் அப்படித்தான்: பன்னிரண்டாவதில் அந்தந்த போர்டின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற அடிப்படைப் பாடம் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 80,000. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கிடையாது. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நம்பிக்கை: “கே.வி.பி.ஒய். எழுதச் சொல்லு.”

உண்மை: அறிவியல் மாணவர்களுக்கு உதவித்தொகை தந்த அந்தத் தேர்வு இப்போது இல்லை. 2022-இல் இன்ஸ்பயரோடு சேர்த்துவிட்டார்கள். அதற்கு இன்னும் கோச்சிங் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: “பார்க்கு, டி.ஐ.எஃப்.ஆர். எல்லாம் ஐஐடி பிள்ளைகளுக்குத்தான்.”

உண்மை: செம்பூர்க்காரர்கள் தினமும் காணும் பார்க் (பாபா அணு ஆராய்ச்சி மையம்) பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் ஐஐடியில் படித்தவர்கள் இல்லை. 1957-இல் தொடங்கிய அதன் பயிற்சிப் பள்ளி, எழுத்துத் தேர்வு அல்லது கேட் மதிப்பெண், பிறகு நேர்காணல் என்றுதான் ஆள் எடுக்கிறது. பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். கல்லூரியின் பெயர் கேட்பதில்லை. பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை உண்டு. டி.ஐ.எஃப்.ஆர். தன் நுழைவுத் தேர்வில் தேறும் எந்தக் கல்லூரி மாணவரையும் எடுத்துக்கொள்கிறது. கல்லூரியில் படிக்கும்போதே ஆராய்ச்சி என்றால் என்ன என்று பார்க்க விரும்பினால், மான்குர்ட் மையம் 2004 முதல் நடத்தும் நியஸ் முகாம்கள் இருக்கின்றன. தேர்வானவர்களுக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் அவர்களே தருகிறார்கள்.

நம்பிக்கை: “பொண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு?”

உண்மை: இதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1933-இல் முதலிடம் வாங்கிய கமலா பாகவத்தை, பெண் என்ற ஒரே காரணத்துக்காகப் பெங்களூர் அறிவியல் கழகத்தில் சேர்க்க முதலில் மறுத்தார் சர் சி.வி. ராமன். கமலா விடவில்லை, போராடிச் சேர்ந்தார். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு பம்பாய் அறிவியல் நிலையத்துக்கே இயக்குநரானார். இன்று பெண்களுக்கென்று தனி வழிகள் இருக்கின்றன. ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை: டிப்ளமோ, பொறியியல் படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000, ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டுப் பெண்களுக்கென்று 2020-இல் டி.ஐ.எஃப்.ஆர். தொடங்கிய விஞ்ஞான் விதுஷி கோடை முகாம் இன்னொன்று. மகாராஷ்டிர அரசு 2024-இல் தொழிற்படிப்புப் பெண்களுக்குக் கட்டணத்தை முழுதாகத் தள்ளுபடி செய்தது. ஆனால் அது ஓ.பி.சி., இ.டபிள்யூ.எஸ்., எஸ்.இ.பி.சி. பிரிவுகளுக்கு, அதிலும் மாநிலப் பட்டியல் பார்த்துத்தான். பி.எஸ்சி.க்கு அது பொருந்தாது. தெரியாமல் நம்பி ஏமாற வேண்டாம்.

கடைசியாக, முதலில் சொன்ன சான்று விஷயம். கோயில் கொடைக்கு ஊருக்குப் போக நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறும்போது, துணிமணியோடு அப்பாவின் பழைய சாதிச் சான்றையும் பள்ளி டி.சி.யையும் எடுத்து வையுங்கள். சான்று தொலைந்திருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போதே வாங்குங்கள். பெயரும் எழுத்தும் டி.சி.யில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை பத்தாவது படிக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்.